எங்கள் ஊர் செஸ் வகுப்பு: பிள்ளைக்குப் பெரிய குறிக்கோள் வைக்கத் தெரிந்த இடம்

கும்பகோணத்தில் பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்க யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய காலத்து வீடு ஒன்றின் மாடியில் இந்த வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பெயர்ப்பலகை கிடையாது. பதினாறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை, காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டார். ஊருக்குள் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். வேறு ஊரில் இருக்கிறவர்களுக்கும் நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இது உதவும் என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே படிப்பது என் அக்கா மகள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அத்தான் மஸ்கட்டில் டிரைவராக இருக்கிறார், அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ஆகவே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருகிற பொறுப்பு தாய்மாமனான என்னுடையது. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மர பெஞ்ச் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டெமோ போர்டு நன்றாகத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

சேர்க்கும்போது ஒரு படிவம் தருகிறார். பெயர், பள்ளி, வகுப்பு, பெற்றோர் நம்பர் எல்லாம் நாம் எழுதலாம். கடைசிக் கேள்வியை மட்டும் பிள்ளைதான் எழுத வேண்டும், பெரியவர்கள் பக்கத்தில் நிற்கக்கூடாது. "செஸ்ஸில் நீ என்ன ஆகப்போகிறாய்?" என்பதுதான் அந்தக் கேள்வி. பாப்பா யோசித்து யோசித்து "மகளிர் கிராண்ட்மாஸ்டர்" என்று எழுதிக் கொடுத்தாள். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, கிராண்ட்மாஸ்டர்னு மட்டும் எழுதலையே, ஏன்?"

"நான் பொண்ணுல்ல சார்."

"அதனால என்ன? கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஆம்பளைங்களுக்குன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களா?"

அப்புறம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரேட்டிங் என்பது ஆட்டத் திறமைக்குப் போடும் புள்ளி. நார்ம் என்பது ஒரு பெரிய போட்டியில் பட்டத்துக்குத் தகுந்தபடி ஆடியதற்குக் கிடைக்கும் தகுதி. மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 ரேட்டிங்கும் நார்ம்களும் வேண்டும். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கும் மூன்று நார்ம்களும் வேண்டும். முதலாவது பெண்களுக்கென்று தனியாக உள்ளது. இரண்டாவது எல்லோருக்கும் பொது, செஸ்ஸில் உயர்ந்த பட்டம் அதுதான். இந்தியப் பெண்களில் முதலில் கோனேரு ஹம்பி 2002-இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பிறகு ஹரிகா, மூன்றாவதாக நம் சென்னை வைஷாலி. ஹங்கேரியில் ஜூடிட் போல்கார் என்றொரு பெண் 1991-இல், 15 வயதில், மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற அமெரிக்காவின் பாபி ஃபிஷரின் சாதனையையே முறியடித்து அந்தப் பட்டத்தை வாங்கினார். "மகளிர் பட்டம் வழியில வந்தா வாங்கிக்கோ, வேண்டாம்னு சொல்லாதே. போய்ச் சேர வேண்டிய இடம் அது இல்ல" என்றார். பாப்பா படிவத்தை வாங்கி முதல் சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் படிவம் இன்றைக்கும் அவர் கோப்பில் அடித்தலோடு இருக்கிறது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எவரும் பிள்ளைகளிடம் இப்படிப் பேசியதில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதுதான் எங்கள் வீட்டுப் பாட்டு. நான் பாலிடெக்னிக் போதும் என்று நிறுத்தப்பட்டவன், அக்காவுக்கு பன்னிரண்டாவதோடு சரி. பிள்ளை எதையாவது பெரிதாகச் சொன்னால், ஏமாந்து போகக்கூடாதே என்று அன்பினால்தான் அதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிக் கொடுப்போம். இங்கே ஒரு மனிதர் பிள்ளை சொன்னதை இன்னும் 200 புள்ளி மேலே தூக்கி வைக்கிறார்.

இத்தோடு நின்றிருந்தால் இது நல்ல பேச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பிள்ளைகளை உற்சாகப்படுத்திப் பேசுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. இந்த வகுப்பின் அருமை, அந்தப் பெரிய குறிக்கோளுக்கு ஏற்றபடி பாடத்தையே மாற்றி வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள பாப்பா முன்பு போன வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அங்கே குறிக்கோள் கோப்பை. உள்ளூரில் நடக்கிற ஒரு நாள் போட்டிகள், கல்யாண மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஏகப்பட்ட பேருக்குக் கோப்பை. அதை வாங்கிவிட வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டோ போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என்ன சொல்லிக்கொடுத்தால் போதுமோ அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ராணியையும் பிஷப்பையும் எஃப்7 கட்டத்தைப் பார்த்து வைத்து நாலே நகர்வில் ராஜாவை மடக்கி மேட் கொடுப்பது, எதிராளி தெரியாமல் விழுகிற பொறிகள், பத்து நிமிஷ கடிகாரத்தில் வேகமாக நகர்த்தி நேரத்தில் ஜெயிப்பது. புதிதாக ஆடுகிற பிள்ளைகளிடம் இதெல்லாம் நன்றாகவே செல்லுபடியாகும். வீட்டில் கோப்பைகளும் சேர்ந்தன, அக்கா ஷோகேஸில் இடம் ஒழித்து வைத்தாள்.

அப்புறம் ஒரு மாவட்டப் போட்டிக்குப் போனாள். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்கிற ஆட்டம். எதிரே உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த நாலு நகர்வு மேட்டைத் தடுக்கத் தெரிந்திருந்தது. அதோடு பாப்பாவிடம் கையில் ஒன்றும் மிச்சமில்லை. ராணி வெட்டுப்பட்டு, காய்கள் குறைந்து, கடைசியில் யானையும் சிப்பாய்களும் மட்டும் நின்றபோது அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. குறிக்கோள் சின்னதாக இருந்ததால் பாடமும் அத்தோடு நின்றுவிட்டது. வகுப்பை விசாரித்துக்கொண்டு நான் மாஸ்டர் வீட்டுப் படியேறியது அதற்குப் பிறகுதான்.

மாஸ்டர் வகுப்பில் முதல் மூன்று மாதம் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறைகள், என்கிற பேச்சே கிடையாது. போர்டில் இரண்டு ராஜா, ஒரே ஒரு சிப்பாய். இவ்வளவுதான் பாடம். சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் ராணி ஆக்க முடியுமா, முடியாதா? ராஜா சிப்பாய்க்கு முன்னால் நிற்க வேண்டுமா, பின்னால் நிற்க வேண்டுமா? இரண்டு ராஜாவும் நடுவில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றால், நகர வேண்டிய முறை யாருக்கோ அவர் விலகி வழிவிட வேண்டி வரும். ஆப்போசிஷன் என்று இதற்குப் பெயர். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வாரக்கணக்கில் ஆடவிடுகிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே அது விளங்கிவிட்டது, இப்போது கடையில் கூட்டமில்லாத நேரத்தில் பாப்பாவும் நானும் ஆடிப் பார்க்கிறோம். அடுத்தது யானை. யானையும் சிப்பாயும் ஒரு பக்கம், யானை மட்டும் மறுபக்கம் என்றால் எப்படி ஜெயிப்பது, எப்படி டிரா செய்வது என்று லுசேனா, ஃபிலிடார் என்ற இரண்டு நிலைகளை நோட்டில் படம் போட்டு எழுத வைக்கிறார்.

சில பெற்றோருக்கு இது பிடிப்பதில்லை. "மூணு மாசமா சிப்பாய் தள்ளிக்கிட்டு இருக்கான், எப்ப சார் ஆட்டம் சொல்லித் தருவீங்க?" என்று ஒருவர் என் முன்னாலேயே கேட்டார். மாஸ்டர் கோபப்படவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டு டெமோ போர்டில் ஒரு நிலையை அடுக்கிக் காட்டினார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம்.

அந்த ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். 13 ஆட்டம் முடிந்து நம் சென்னை குகேஷும் அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளியில் நின்றார்கள். கடைசி ஆட்டத்தில் இரண்டு பேரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப், கொஞ்சம் சிப்பாய்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் அது டிராதான் ஆகும், மறுநாள் சமநிலையை உடைக்க வேக ஆட்டங்களில் டைபிரேக் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2-வில் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், அடுத்து பிஷப்பையும் கொண்டுபோய் வெட்டுக்குக் கொடுத்தார். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அந்த நிலையைப் பார்த்த உடனே குகேஷுக்குத் தெரிந்துவிட்டது, டிங்குக்கும் தெரிந்துவிட்டது. 58-ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. 7.5-க்கு 6.5. 18 வயதில் உலக சாம்பியன். அதற்கு முன் மிக இளைய சாம்பியனாக இருந்த காஸ்பரோவுக்கு 1985-இல் பட்டம் வாங்கும்போது 22 வயது.

"பட்டம் எதுல முடிவாச்சு பாத்தீங்களா சார்? ராஜாவும் சிப்பாயும். உங்க பையன் நோட்டுல இருக்கறது அதுதான்" என்றார் மாஸ்டர். அந்த அப்பா பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பையன் இப்போதும் வருகிறான்.

குகேஷ் கதையை மாஸ்டர் அடிக்கடி சொல்வார். ஆனால் நாம் சொல்கிற மாதிரி சொல்ல மாட்டார். நாம் பட்டத்தைச் சொல்வோம், பரிசுப் பணத்தைச் சொல்வோம். அவர் 2013-இல் தொடங்குவார். அந்த நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு ஆடினார்கள். கண்ணாடி அறைக்குள் ஆட்டம், வெளியே ரசிகர்கள். அப்போதுதான் செஸ் பழகத் தொடங்கியிருந்த ஏழு வயது குகேஷ் வெளியே உட்கார்ந்து பார்த்தான். ஒருநாள் அந்த அறைக்குள் தானும் உட்கார வேண்டும் என்று தோன்றியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். பதினோரு வயதில் கொடுத்த பேட்டியில், உலகின் மிக இளைய சாம்பியன் ஆக வேண்டும் என்று கூசாமல் சொன்னான். அதைச் சொன்னபோது அவன் கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை.

இந்தக் கதையில் மாஸ்டர் அழுத்திச் சொல்கிற இடம் வேறு. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவன் கிராண்ட்மாஸ்டர் அளவுக்கு வரும் வரை நல்ல நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்கிற கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கம் பெரும்பாலும் விடவே இல்லை. இன்றைய தேதியில் அது பெரிய காரியம். ஆட்டம் முடிந்த மறுநிமிஷம் மொபைலில் போட்டுப் பார்த்தால் எங்கே தப்பு என்று அதுவே சிவப்பில் காட்டிவிடும். அடுத்த வாரப் போட்டியில் ஜெயிக்க அது போதும். ஆனால் உலகப் பட்டத்துக்கு ஆடுகிறவன் மொபைல் இல்லாத அறையில் நாலைந்து மணி நேரம் தனியாக உட்கார்ந்து, பத்து நகர்வு தள்ளி நடக்கப்போவதை மனதுக்குள்ளேயே பார்க்க வேண்டும். அந்தத் தலையைப் பழக்குவதற்காகத்தான் கையில் இருந்த வசதியை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். இங்கேயும் அதே முறைதான். பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை முதல் நாளிலிருந்தே தாளில் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் பென்சிலால் தாங்களே குறிப்பு எழுதி வர வேண்டும்: இங்கே ஏன் குதிரையை நகர்த்தினேன், அங்கே எதைப் பார்க்காமல் விட்டேன். மொபைலில் பார்த்து எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை எழுதுகிற காரணமும் எஞ்சின் சொல்கிற காரணமும் ஒன்றாக இருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீண்ட ஆட்டம். ஆளுக்கு 90 நிமிஷம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். சில ஆட்டம் பகல் ஒரு மணி வரை போகும். சேர்ந்த புதிதில் பாப்பா இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவாள். இப்போது மூன்று மணி நேரம் தலை நிமிராமல் இருக்கிறாள். இந்த மாற்றம் எந்த அறிவுரையாலும் வந்ததல்ல. கிராண்ட்மாஸ்டர் ஆகிறவர்கள் இவ்வளவு நேரம் உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியும், தானும் அங்கேதான் போகப்போகிறோம் என்று நம்புகிறாள், அதனால் உட்காருகிறாள். பள்ளியில் கணக்குப் பரீட்சையில் முழு நேரமும் இருந்து திருப்பிப் பார்த்துவிட்டு வருவதாக அவளுடைய டீச்சர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

பெற்றோருக்கும் ஒரு விதி வைத்திருக்கிறார். போட்டி அறையிலிருந்து பிள்ளை வெளியே வரும்போது "ஜெயிச்சியா?" என்று கேட்கக்கூடாது. "ஸ்கோர் ஷீட்டைக் காட்டு" என்றுதான் கேட்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, கடைப்பிடிப்பது அவ்வளவு எளிதில்லை, வாய் தானாக முதல் கேள்விக்குப் போகும். ஆனால் இதில் ஒரு நல்ல புத்தி இருக்கிறது. பெரிய குறிக்கோள் வைத்த பிள்ளையைப் பெரியவர்கள் தினமும் அதைச் சொல்லிச் சொல்லியே நசுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "கிராண்ட்மாஸ்டர் ஆகப்போறேன்னு சொன்னே, இவன்கிட்ட தோத்துட்டு வர்றே" என்று மண்டபத்து வாசலில் வைத்து ஒருவர் தன் பையனைத் திட்டியதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. குறிக்கோள் பிள்ளையுடையது. அதை எடுத்து அவனையே அடிக்கும் கம்பாக்கக் கூடாது. மாஸ்டர் வகுப்பில் அந்தப் படிவத்தை யாருக்கும் காட்டுவதில்லை, தோற்ற அன்று அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

ஒருநாள் அத்தானுக்காக நானே மாஸ்டரிடம் கேட்டேன். மஸ்கட்டிலிருந்து போனில் அவர் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார். கிராண்ட்மாஸ்டர் ஆகாமல் போனால் பிள்ளை மனசு உடைந்துவிடாதா, கொஞ்சம் சின்னதாகவே வைத்துக்கொள்ளலாமே என்று.

மாஸ்டர் இரண்டு பதில் சொன்னார். முதல் பதில் முழுக்கக் கணக்கு. 18 வயது நிறைகிற ஆண்டு முடியும் வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருந்தால், உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் கணக்கில் கே என்கிற எண் 40. அதற்குப் பிறகு 20. அதாவது தனக்குச் சமமான ஒருவரை ஜெயித்தால் சின்ன வயதில் 20 புள்ளி ஏறும், பெரியவரானால் அதே வெற்றிக்கு 10-தான். ஏற வேண்டியதை ஏறுகிற வயது இதுதான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அதே உழைப்புக்குப் பாதிதான் கிடைக்கும். தப்பாக ஆடினால் இறங்குவதும் அதே வேகம்தான், ஆனால் திரும்ப ஏறக் காலம் இருக்கிறது.

இரண்டாவது பதில் குகேஷைப் பற்றியதுதான், ஆனால் எனக்கு அதுவரை தெரியாதது. 2019 ஜனவரியில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். உலகிலேயே மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனை அப்போது கர்யாகினிடம் இருந்தது, 12 ஆண்டு 7 மாதம். பதினேழு நாளில் கைவிட்டுப் போனது. "அந்தப் பதினேழு நாளுக்காக அவன் உடைஞ்சு போயிருந்தா சிங்கப்பூர் ஏது? அதைவிடப் பெரிசா ஒண்ணு முன்னால இருந்துச்சு சார், அதனால இது தாண்டிப் போற ஸ்டேஷன் ஆயிடுச்சு" என்றார். சிங்கப்பூரிலேயே முதல் ஆட்டத்தை வெள்ளைக் காயில் தோற்றுத்தான் குகேஷ் தொடங்கினார் என்பதையும் சொன்னார்.

இதை அத்தானிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த மாதம் டிஜிட்டல் செஸ் கடிகாரம் ஒன்றை ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினார்.

எனக்குள் ஓடுகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனது 1961-இல், கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம் அது. ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது 1988-இல். நடுவில் 27 வருஷம். அந்த வருஷங்களில் மெட்ராஸில் புத்திசாலிப் பிள்ளைகள் இல்லாமலா இருந்தார்கள்? கிராண்ட்மாஸ்டர் என்பது ரஷ்யர்களுக்கானது என்றுதான் சுற்றி இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒருவர் ஆகிக் காட்டிய பிறகு இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் முப்பது பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். பிரக்ஞானந்தா பத்து வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர், பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர். மூளை ஒரே தலைமுறையில் மாறிவிடாது. எட்டலாம் என்று நினைக்கிற உயரம் மாறியது, அதற்கேற்ற பயிற்சியும் ஆளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. கும்பகோணத்துப் பிள்ளைக்கு அந்த உயரம் சென்னைக்கு வந்த அளவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்து வைக்கிற ஒரு மாடி எங்கள் ஊரில் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறைகளும் இருக்கின்றன. மாடியின் பாதி மேல் தகரக் கூரை, சித்திரை வைகாசியில் ஞாயிறு ஆட்டம் நடக்கும்போது இரண்டு ஃபேனும் போதவில்லை. பதினாறு பேரில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர், இதை மாற்ற மாஸ்டர் இன்னும் முயற்சி எடுக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். போட்டிக்குப் பெயர் கொடுப்பது, ஃபிடே பதிவு செய்வது, ரயில் டிக்கெட் எடுப்பது எதற்கும் உதவ மாட்டார், எல்லாம் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்லைன் வகுப்பு கிடையாது. காய்கள் பழசு, இரண்டு செட்டில் குதிரைக்குக் காது இல்லை. சான்றிதழ், ஆண்டு விழா, கோப்பை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவராலேயே ஒரு எல்லைக்கு மேல் கொண்டுபோக முடியாது என்பதும் உண்மை, அதை அவரே முதல் நாள் சொல்லிவிடுகிறார். ரேட்டிங் 1900-ஐத் தொட்டால் தன்னைவிடப் பெரிய ஆளிடம் அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். அப்படி இரண்டு பேரைச் சென்னைக்கு அனுப்பியும் இருக்கிறார். செலவைப் பற்றியும் மறைப்பதில்லை. இந்த விளையாட்டில் மேலே போகப் போகப் பயணமும் பயிற்சியும் குடும்பத்தைக் கேட்கும். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர், மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தவர். எல்லாக் குடும்பத்தாலும் அது ஆகாது. எங்களாலும் ஆகாது. ஆனால் அந்தக் கேள்வி வருவதற்கு இன்னும் வழி இருக்கிறது. வரும்போது பார்ப்போம் என்று அக்கா உறுதியாக இருக்கிறாள், நானும் அவள் பக்கம்தான்.

பாப்பாவுக்கு இன்னும் ரேட்டிங் வரவில்லை. ரேட்டிங் பெற்றவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடி, கணக்குப் போட்டால் 1400-ஆவது வர வேண்டும். 2024 மார்ச்சில் ஃபிடே கீழ் எல்லையை 1400 ஆக்கிய பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு முதல் ரேட்டிங் முன்பு போல எளிதில் வந்துவிடுவதில்லை. வருகிற அரைப் பரீட்சை விடுமுறையில் திருச்சியில் ஒரு ரேட்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். 1400-க்கும் 2500-க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், மாஸ்டர் அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

மற்ற விவரங்கள்: புதன், வெள்ளி மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஆட்டம் முடியும் வரை. மாதம் 900 ரூபாய், சேர்க்கைக் கட்டணம் இல்லை. அப்பா இல்லாத பிள்ளை ஒன்றிடம் அவர் பணம் வாங்குவதில்லை, அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. ஏழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. பள்ளி விட்டு வந்ததும் பொழுதுபோக்காக ஒரு மணி நேரம் ஆடினால் போதும் என்றால் ஊரில் வேறு வகுப்புகள் இருக்கின்றன, அதிலும் தவறில்லை. இங்கே சேர்ப்பதானால் பிள்ளையைக் கூட்டிப் போவதற்கு முன் வீட்டில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றும் இரண்டு பென்சிலும் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், பேனாவால் எழுதினால் மாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.